இரண்டு விரல் கோணல்

என் ஆயுளில் பாதியை ஓட்டை போட்டே கழித்தவன் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் போரிங் மிஷின் ஆபரேட்டராக இருந்தேன். வார்ப்பிரும்பில் ஏற்கெனவே இருக்கிற துளைக்குள் ஒரு வெட்டுளியைச் சுழலவிட்டு, கேட்ட அளவுக்கு அதைப் பெரிதாக்கித் தருவதுதான் வேலை. சொல்லும்போது சுலபம். ஒரு தலைமுடியின் கனத்தைப் பத்தாகப் பங்கிட்டு அதில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும், இன்ஸ்பெக்‌ஷன்காரர் அந்தப் பீஸின் மேல் சிவப்புப் பெயின்டால் குறுக்கே ஒரு கோடு இழுத்து ஓரமாகத் தள்ளிவிடுவார். என் மிஷினிலிருந்து போன பீஸில் சிவப்புக் கோடு விழுவது வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. இப்போதும் அது முழுசாக இறங்கிவிடவில்லை என்று என் மனைவி சொல்கிறாள்.

'போர்' என்கிற இந்த ஆங்கில வார்த்தை சின்ன வயதிலிருந்தே என்னைப் பின்தொடர்ந்து வந்திருக்கிறது. நான் வளர்ந்தது ஆவடி குவார்ட்டர்ஸில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். பீரங்கிக் குழாயின் உள்துளைக்குப் போர் என்று பெயர் என அவர்தான் சொன்னார். வெளிப்பக்கம் எப்படி இருந்தாலும் பெயின்ட் அடித்து மறைத்துவிடலாமாம். உள்ளே போர் சரியில்லாவிட்டால் எதிரிக்குச் சுட்ட குண்டு மாமியார் வீட்டுக்குப் போய்விடுமாம். அம்மா காதில் விழுகிற மாதிரிதான் இதைச் சொல்வார்.

குவார்ட்டர்ஸ் பையன்கள் நாங்கள் நாள் முழுக்கச் சொன்னது வேறு போர். ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசை வரிசையாக வீடுகள், ஒரே சங்குக்கு எழுந்து ஒரே சங்குக்குத் திரும்பி வருகிற அப்பாக்கள், எல்லார் வீட்டிலும் ஒரே நாளில் கறிக்குழம்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் மைதானத்தில் உட்கார்ந்து "போர் அடிக்குதுடா" என்று மாறி மாறிச் சொல்லிக்கொள்வோம். பெரியவனான பிறகு பாங்க் வாசலில் பன்னிரண்டு போர் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிற காவலாளியைப் பார்த்தேன். நான் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள் கொசுமருந்து வண்டி மாதிரி புகை கக்கியபோது, இன்ஜினை ரீபோர் செய்தால்தான் ஆச்சு என்று மெக்கானிக் கையை விரித்தார். பிறகு எஸ்டேட்டில் வேலை. பிறகு கல்யாணம். எண்பதுகளின் கடைசியில் கள்ளிக்குப்பத்தில் வீடு கட்டிக் குடிபோனபோது அக்கம்பக்கத்தில் கேட்ட முதல் கேள்வி, "உங்க ஊட்ல போர் எத்தினி அடி?" என்பதுதான். சொந்த ஊர் எது, எங்கே வேலை என்பதெல்லாம் அதற்கப்புறம்.

அகராதியில் என்ன போட்டிருக்கிறதோ எனக்குத் தெரியாது. நான் பார்த்த வரைக்கும் இத்தனை போருக்கும் அடியில் இருப்பது ஒரே காரியம். யார் சொன்னாலும் கேட்காமல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிக் குடைவது. இரும்பில் செய்தால் கம்பெனியில் சம்பளம் கொடுப்பார்கள். மண்ணில் செய்தால் தண்ணீர் வரும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் மண்டையில் செய்தால் அவன் எழுந்து போய்விடுவான். இந்த மூன்றாவது வகையிலும் நான் தேர்ந்தவன் என்று டீ குடிக்கிற இடத்தில் என் கூட்டாளிகள் பேசிக்கொள்வது என் காதுக்கே வந்திருக்கிறது. அதற்கெல்லாம் நான் கோபப்பட்டதில்லை. எனக்குக் கோபம் வந்த ஒரு நாளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

வீடு கட்டும்போதே சிமென்ட் உறை இறக்கி ஒரு கிணறு எடுத்திருந்தோம். இரண்டு கோடை தாங்கியது. மூன்றாவது வருஷம் பங்குனி பிறக்கும்போதே அடிமண் வெடித்துவிட்டது. தெருமுனையில் ஒரு கைபம்ப் இருந்தது. என் ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும், பம்பில் கூட்டம் குறைகிற நேரத்துக்கு நான் வீட்டில் இருக்க மாட்டேன். மனைவிதான் இரண்டு பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்பாள். ஒரு மாதத்தில் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துக்கொண்டே, அழாத குறையாக, ஒரு போர் போடுங்கள் என்றாள்.

ஆளையும் அவளே பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் பூந்தமல்லிக்காரி. அவள் அம்மா வீட்டுக்குப் போர் போட்ட மேஸ்திரி பாரிவாக்கத்தில் இருந்தார். அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். ஐம்பதை நெருங்குகிற வயது, ஒல்லியான உடம்பு, கையில் மட்டும் நரம்பு புடைத்து நிற்கும். முன்னால் கழனி வேலை பார்த்தவர். கழனிகள் மனைகளாகப் பிரிந்து கல் நட்ட பிறகு, அந்த மனைகளிலேயே போர் போட ஆரம்பித்துவிட்டார். அந்தத் தெருக்களுக்குள் போர் போடுகிற பெரிய லாரி நுழையாது, எல்லாம் கையால் போடுகிற போர்தான். அவரும் அவருடைய இரண்டு மச்சான்களும்தான் மொத்தக் குழு. மூன்று கால் வைத்த ஒரு கம்பம், ஒரு கப்பி, கயிறு, ஒன்றோடொன்று மரையில் முறுக்கிச் சேர்க்கிற இரும்புக் குழாய்கள். எல்லாவற்றுக்கும் அடியில், குழாயின் நுனியில் மாட்டுகிற பிட்.

அந்தப் பிட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒரு சாண் உயரம், உள்ளே துளை, மேலே மரை, கீழே சுற்றிலும் பல். மண்ணை வெட்டுவது அந்தப் பல்தான், மற்றதெல்லாம் அதைச் சுற்றுவதற்கும் தூக்குவதற்கும். மேஸ்திரியிடம் இருந்தது ஒரே ஒரு பிட். புதிது வாங்க வழியில்லாமல் தேய்ந்த பல்லை வெல்டிங் வைத்து ஏற்றி, மறுபடி தேய்ந்து, மறுபடி ஏற்றி, ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு உயரத்தில் இருந்தது. ஈரக் கோணியில் சுற்றிப் பையில் வைத்துத் தானே தூக்கிக்கொண்டு வருவார், மச்சான்கள் கையில்கூடக் கொடுக்க மாட்டார். அதை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கம்பெனியில் குப்பைக்கூடையில்கூட அதைவிட ஒழுங்கான இரும்பு கிடக்கும்.

வேலை தொடங்கும் காலையில் பிட்டுக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். வீட்டு அம்மாதான் குழியில் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார். என் மனைவி கைபம்பிலிருந்து சுமந்து வந்த குடத்தை மனசில்லாமல் கவிழ்த்தாள். குழாயில் குறுக்குக் கட்டையைப் பூட்டி மூன்று பேரும் செக்கு சுற்றுகிற மாதிரி வட்டமாக நடந்தார்கள். சேறு மேலே வந்தது. அரை ஆள் இறங்கினால் நிறுத்தி அடுத்த குழாயை முறுக்குவார்கள். செம்மண் போய்க் களி வந்தது, களி போய்ச் சரளை வந்தது. நாலாம் நாள் மத்தியானம் நாற்பத்தைந்தடியில் வந்த மண்ணை மேஸ்திரி உள்ளங்கையில் வைத்துப் பிழிந்து என் மனைவியிடம் காட்டினாராம். ஈர மணல்.

நான் முதல் ஷிப்ட் முடிந்து வந்தேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் ஒரு நூலில் தூக்குக் குண்டைக் கட்டிக் குழாயின் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஆள் உயரத்துக்குள் குழாய் இரண்டு விரல் சாய்ந்திருந்தது. எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஒரு ஆள் உயரத்துக்கே இரண்டு விரல் என்றால் இறக்க வேண்டிய அறுபது அடிக்கு எவ்வளவு என்று அங்கேயே சுவரில் கரியால் கணக்குப் போட்டேன். பம்ப் இறக்கினால் உரசும், பம்பின் ராடு தேயும் என்று அரை மணி நேரம் பேசினேன். நான் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. ஆனால் உண்மைக்காக நான் பேசவில்லை. என் வீட்டில், என் தொழிலில், என் கண் முன்னால் ஒரு கோணல் துளை என்பது எனக்குத் தாங்கவில்லை.

மேஸ்திரி குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: "சார், இது இரும்பு இல்ல, மண்ணு. உள்ள கல்லு கெடக்கும், வேரு கெடக்கும். அது எங்க வழி உடுதோ அங்கதான் பைப்பு போவும். ஈரம் வந்துகினு கீது. இன்னும் ரெண்டு நாளு உடு சார்."

என் மனைவியும் அவர் சொல்வதைக் கேளுங்கள் என்று சைகை காட்டினாள். நான் ஒற்றைக் காலில் நின்றேன். எல்லாவற்றையும் உருவிவிட்டுத் தள்ளிப் புதிதாக ஆரம்பித்தால்தான் ஆச்சு என்றேன். நாலு நாள் கைக்கொப்புளம் பழுத்திருந்த மச்சான்கள் இருவரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். கம்பெனியில் படித்து வேலை பார்க்கிற ஆள் சொல்கிறாரே, ஏதாவது இருக்கும் என்று நினைத்திருப்பார் போல. சரி சார் என்று குழாயை உருவச் சொன்னார். முதல் குழியின் வாயில் கோணி திணித்துப் பலகை போட்டு மூடினார்கள்.

இரண்டாவது குழிக்கு நானே ஒரு ஏற்பாடு செய்தேன். கம்பெனிக் கழிவில் கிடந்த ஆங்கிள் இரும்புத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, தரையில் நட்டு நிறுத்த ஒரு சட்டம் செய்தேன். நடுவில் குழாய் நுழைய ஒரு வளையம். குழாய் அந்த வளையத்துக்குள் சுற்றும், இறங்கும், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசையாது. தூக்குக் குண்டை வைத்துப் பார்த்தால் நூலும் குழாயும் ஒன்றின் மேல் ஒன்று நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மூன்றாம் நாள் முப்பத்தைந்தடியில் கல் தட்டியது. சுற்றினால் நறநறவென்று சத்தம், இறக்கம் இல்லை. முதல் குழியிலும் இதே ஆழத்தில் கல் இருந்ததாகவும், அங்கே குழாய் கல்லின் ஓரமாக வழுக்கிக்கொண்டு இறங்கியதாகவும், அதனால்தான் அந்தக் கோணல் வந்ததாகவும் மேஸ்திரி சொன்னார். சட்டத்தை எடுத்துவிட்டால் இதுவும் இறங்கிவிடும் என்றார். அன்று எனக்கு வார விடுமுறை. நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். எடுக்கக் கூடாது, அழுத்திச் சுற்றினால் கல் உடையும் என்றேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் கட்டையைப் பிடித்தேன். நாலு பேர் பலத்தில் இரண்டு சுற்று வந்தது. மூன்றாவது சுற்றில் கீழே எங்கேயோ ஒரு மந்தமான சத்தம். கட்டை திடீரென்று லேசாகி, நான்கு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தோம்.

குழாயை உருவினார்கள். கடைசிக் குழாயின் நுனி மரையோடு பிய்ந்து வந்தது. பிட் வரவில்லை.

மேஸ்திரி சட்டத்தை ஓரமாகச் சாய்த்து வைத்தார். என் மனைவியிடம் முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்று கேட்டு வாங்கி, வெயிலைப் பிடித்துக் குழிக்குள் திருப்பிக் குப்புறப் படுத்துப் பார்த்தார். சேற்றுத் தண்ணீரின் பளபளப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கம்பியை வளைத்துக் கொக்கி செய்து, கயிற்றில் கட்டி விட்டு, இரண்டு நாள் துழாவினார். கொக்கி ஒரு முறை எதிலோ மாட்டியது. மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தார்கள். ஒரு வேர் வந்தது. அந்த இரண்டு நாளும் நான் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தி எட்டிப் பார்ப்பேன், அவர் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு.

தொழிலுக்கு இருந்த ஒரே பல்லை என் வீட்டில் தொலைத்துவிட்டு அவர் அப்படியே கிளம்பிப் போயிருக்கலாம். போகவில்லை. வேலப்பன்சாவடியில் போர் போடுகிற இன்னொருவரிடம் கெஞ்சி, அவர் பிட்டை இரண்டு நாளைக்கு மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். கோணியை உருவி எடுத்து முதல் குழியிலேயே இறக்கினார். தொடங்கின போரைத் தண்ணீர் பார்க்காமல் விட்டுவிட்டுப் போனால் தனக்கு மனசு கேட்காது என்று என் மனைவியிடம் சொன்னாராம். ஐம்பத்தெட்டடியில் தண்ணீர் ஏறியது. நாங்கள் அந்த வீட்டில் இருந்த வரைக்கும் குடித்தது அந்த இரண்டு விரல் கோணல் தண்ணீரைத்தான். பம்ப் ஒரு நாளும் உரசவில்லை.

முதல் சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு என் மனைவி அழுதாள். அதைப் பார்த்த வேகத்தில் மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டு வாக்குக் கொடுத்தேன். என் மிஷினிலேயே அவருக்குப் புதுப் பிட் செய்து தருகிறேன், இந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரிடமும் இருக்காத மாதிரி ஒன்று, பத்தே நாளில் என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "செஞ்சி குடு சார். அது இருந்தாத்தான் இந்தப் பைப்புக்கெல்லாம் வேல. இல்லாங்காட்டி நானு கூலிக்குத்தான் போவணும்" என்றார்.

ஃபோர்மேனிடம் நடந்ததைச் சொன்னேன். நல்ல மனுஷன். ஓரத்தில் கிடந்த ஒரு எஃகுத் துண்டைக் கொடுத்து, சாப்பாட்டு வேளையில் செய்துகொள், வெளியே கொண்டுபோக கேட் பாஸ் நான் போடுகிறேன் என்றார். நான் சும்மா செய்வேனா? பெரிய தாளில் படம் வரைந்தேன். எத்தனை பல், எந்தச் சாய்வு, பல்லுக்குப் பல் எவ்வளவு இடைவெளி என்று யோசித்து யோசித்து வரைந்தேன். அதிலேயே ஒரு வாரம் போய்விட்டது. பிறகு கடைந்து, துளையைப் போர் செய்து, மரை வெட்டி, பல் அறுத்தேன்.

பத்தாம் நாள் மாலை மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். பல்லின் அளவைச் சரிபார்க்க அன்றைக்கு அதை நான் பாஸ் வாங்கி வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். காட்டினேன். வெட்டிய தடம் அப்படியே தெரிந்தது, பிசிறு எடுக்கவில்லை, ஒரு பல் மற்றதைவிட ஒரு நூல் அகலம். அவர் கட்டை விரலால் ஒவ்வொரு பல்லையும் தடவினார். பையிலிருந்து ஒரு குழாய்த் துண்டை எடுத்து மரையில் முறுக்கிப் பார்த்தார். அளவு பார்க்கவே அதைக் கொண்டு வந்திருந்தார். வழுவழுவென்று ஏறியது.

"இதே போதும் சார். பல்லு கீது, மரை கீது. நாளிக்கே ஒரு ஊட்ல கூப்ட்டுகினு கீறாங்க" என்றார்.

நான் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். இதை இப்படியே கொடுத்தால் என் பேர் கெட்டுப்போகும் என்றேன். பல்லைக் கடினப்படுத்த வேண்டும், தேய்த்துச் சமப்படுத்த வேண்டும், இன்னும் ஒரு வாரம் என்றேன். அவர் கை கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது. பிறகு குழாய்த் துண்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாசல் வரைக்கும் போனவரை என் மனைவி கூப்பிட்டுக் காபி கொடுத்தாள். அவர் போன பிறகு அடுப்படியில் பாத்திரங்கள்தான் என்னிடம் பேசின.

ஒரு வாரம் என்றது ஒரு மாதமானது. பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தபோது பிட்டில் மயிரிழை விரிசல் விட்டது. வேறு துண்டு தேடி மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டாவதில் பல் எல்லாம் சரி, மரையில் எனக்குத் திருப்தி இல்லை. மூன்றாவது செய்தேன். நடுவில் ஓவர்டைம் வந்தது, சாப்பாட்டு வேளை சுருங்கியது. மேஸ்திரி இன்னும் இரண்டு முறை வந்தார். ஒரு முறை நான் ஷிப்டில் இருந்தேன். மற்றொரு முறை நான் வீட்டிலேயே இருந்தேன். தயாராகிக்கொண்டிருக்கிறது என்று மனைவியை விட்டுச் சொல்லவைத்தேன். அவள் போய்ச் சொல்லிவிட்டு வந்து, "அவருக்குக் கோவமே வர்ல. வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள். ஆடிக்குப் பிறகு அவர் வரவில்லை. எப்போது கொடுக்கப்போகிறீர்கள் என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்த மனைவியும் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

புரட்டாசியில் முடித்தேன். அந்த மாதிரி ஒரு பிட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, இதை இப்போதும் சொல்வேன். எட்டுப் பல்லும் அச்சில் வார்த்தது போல் நின்றன. உள்துளையில் விரலை விட்டால் கண்ணாடியைத் தொட்ட மாதிரி இருக்கும். இன்ஸ்பெக்‌ஷன்காரரே கையில் வாங்கிப் பார்த்து, மண்ணுக்குள் போகிற சாமானுக்கு எதற்கப்பா இவ்வளவு என்று கேட்டார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். எண்ணெய்த் தாளில் சுற்றி, கேட் பாஸ் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பாரிவாக்கம் போனேன். வழியெல்லாம் அவர் அதைப் பிரித்துப் பார்க்கும்போது என்ன சொல்வார் என்றே நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.

வீட்டில் அவர் சம்சாரம் மட்டும் இருந்தார். வேலைக்குப் போயிருக்கிறார், வேலப்பன்சாவடியில் காலேஜ் கட்டுகிற இடத்தில் போர் வேலை என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு பிட் கிடைத்துவிட்டது போலிருக்கிறது, ஆனாலும் இது மாதிரி வராது என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே வண்டியைத் திருப்பினேன்.

நெடுஞ்சாலை ஓரத்தில் கம்பி நீட்டிக்கொண்டு நின்ற கட்டடத்துக்குப் பின்னால் மூன்று கால் கம்பம் தெரிந்தது. வேறு ஒரு ஆள் கயிற்றுப் பக்கம் நின்று அதட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்குப் பிட் இரவல் கொடுத்தவர் அவர்தான் என்பது பிறகு தெரிந்தது. கட்டையைப் பிடித்துச் சுற்றி வந்த நாலு பேரில் ஒருவராக எங்கள் மேஸ்திரி நடந்துகொண்டிருந்தார். மச்சான்கள் இல்லை. தலையில் துண்டு, உடம்பெல்லாம் சேறு.

என்னைப் பார்த்ததும் வேலையை நிறுத்த அவரால் முடியவில்லை. அடுத்த குழாய் முறுக்க நிறுத்தினபோது, அதட்டுகிறவரிடம் கேட்டுக்கொண்டு ஓடி வந்தார். என் மனைவியைப் பார்த்து, "நல்லா கீறியா தங்கச்சி, தண்ணி வருதா" என்று கேட்டார். நான் எண்ணெய்த் தாளை அவர் கையில் வைத்தேன். லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தார். வெயில் பட்டு அது மின்னியது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

உங்கள் குழாய், கம்பமெல்லாம் எங்கே மேஸ்திரி என்று கேட்டேன். என் குரலே எனக்கு வேறு மாதிரி கேட்டது.

"அதெல்லாம் வெலைக்குக் குடுத்துட்டேன் சார். பிட்டு இல்லாம பைப்ப வச்சிகினு இன்னா பண்றது? ஆடி வரிக்கும் பாத்தேன்" என்றார்.

அதில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. மழை ஏன் பெய்யவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார். நான்தான் உடைந்துபோனேன். பத்தாம் நாள் அவர் நீட்டிய கை எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு நூல் அகலம் கூடிப்போன ஒரு பல்லுக்காக ஒரு மனுஷனின் தொழிலையே நான் வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். என் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் கயிற்றுப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். மேஸ்திரி பிட்டோடு அங்கே போனார். "அண்ணாத்தே, இத்த மாட்டிக்கோ. நம்ம சார் செஞ்சது, நல்ல பிட்டு. ஒன்னுது பல்லு போயிட்ச்சி" என்று அதை அந்த ஆளிடம் நீட்டினார். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. தரையில் இரண்டு தட்டுத் தட்டி எண்ணெயை உதறினார், பழையதைக் கழற்றிவிட்டுக் குழாயில் முறுக்கினார். நான் நாலரை மாதம் தேய்த்த எட்டுப் பல்லும் ஒரு நிமிஷத்தில் சேற்றுக்குள் மறைந்தன.

மேஸ்திரி கட்டையில் தன் இடத்தில் போய் நின்றார். நாலு பேரும் தள்ள, குழாய் சுற்றியது. வட்டம் போய்த் திரும்பி என் பக்கம் வந்தபோது அவர் முகம் நிஜமாகவே மலர்ந்திருந்தது.

"நல்லா வெட்டுது சார்" என்றார், நடந்துகொண்டே.

நான் தலையாட்டினேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அடுத்த சுற்றில் அவர் என் பக்கம் வருவதற்குள் வண்டியைக் கிளப்பிவிட வேண்டும் என்று உதைத்தேன், அது கிளம்பவில்லை.